கஞ்சித் துடுப்பும் ஒரு துளி ரத்தமும்

குற்றச்சாட்டு இது: 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 6ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்த வேளையில், பள்ளிவாசலின் பின்கட்டில், நோன்புக் கஞ்சி வெந்துகொண்டிருந்த தேக்சா அண்டாவின் முன்னால், நிர்வாகக் குழுவின் செயலாளர் ஜனாப் நத்தர்ஷா அவர்கள், கட்டிங் மாஸ்டர் அமானுல்லாவின் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி, "உங்க நோன்பு போச்சுங்க. இனி இந்தக் கஞ்சியத் தொடாதீங்க" என்று பலர் கேட்கச் சொன்னார். அப்போது அமானுல்லா நோன்பாளியாக இருந்தார். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை நோன்பாளியாகவே இருந்தார். அவர் செய்ததெல்லாம், இடக்கை மோதிர விரலின் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தது மட்டுமே.

இந்தக் குற்றச்சாட்டுக்கு இதுவரை மறுப்பு வரவில்லை, ஒப்புதலும் வரவில்லை. அந்த ஒரு துளி நோன்பை முறிக்குமா, முறிக்காதா என்பதற்கு ஒற்றை வரியில் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும் என்பதே அமானுல்லாவின் கோரிக்கை. அந்த வரி அவருடைய மானத்துக்காக மட்டும் கேட்கப்படுவதாக நினைப்பவர்கள், அவருடைய தங்கை ஷம்ஷாத்துக்கு நேர்ந்ததை அறியாதவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் அமானுல்லா யார் என்பது தெரிய வேண்டும்.

அவர் தாராபுரத்தில் பிறந்தவர். அத்தா சந்தைக்குச் சந்தை போய்க் கண்ணாடி வளையல் விற்றவர். ஏழாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்கு மாறும்போது மாற்றுச் சான்றிதழைக் கேட்டார்கள். அது வளையல் பெட்டிக்கு அடித்தாளாகிப் போய், மூலனூர்ச் சந்தையிலோ வெள்ளகோவில் சந்தையிலோ உதிர்ந்திருந்தது. நகல் கேட்டு அலைந்ததில் ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷத்தோடு படிப்பும் போயிற்று. அதன் பிறகு கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் எறிந்ததில்லை. மின்தடை அறிவிப்புத் துண்டுச்சீட்டுகூட அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் ஆண்டுவாரியாகப் படுத்திருக்கிறது. "இந்த ஊட்டுல மனுசன் காலு நீட்ட எடமில்ல, காயிதத்துக்கு மெத்தை போட்டு வச்சிருக்கறாரு" என்று அவர் மனைவி பத்ருன்னிசா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார்.

வயது பதினெட்டாவதற்குள் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் துணி விரிப்பவராகச் சேர்ந்தார். வெட்டக் கற்றுக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. மாஸ்டர்கள் கழித்துப்போட்ட அளவு அட்டைகளை வீட்டுக்கு எடுத்துவந்து, பழைய செய்தித்தாளை அடுக்கி, கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தே தொழிலைப் பிடித்தார். துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, அட்டை வைத்துக் கோடு போட்டு, நின்றபடியே மின்சாரக் கத்தியை நடத்தி முன்பக்கம், பின்பக்கம், கை என்று அறுத்தெடுப்பது கட்டிங் மாஸ்டரின் வேலை. மேலடுக்கில் கத்தி ஒரு நூல் விலகினால் கீழே உள்ள அத்தனை அடுக்கிலும் ஒரு நூல் விலகும். வலக்கை கத்தியைத் தள்ள, இடக்கை துணியை அமுக்கிப் பிடித்திருக்கும். அந்த இடக்கைக்கு இரும்பு வலையால் பின்னிய கையுறை உண்டு. கையுறை போட்டால் துணி பிடிபடவில்லை என்று பல மாஸ்டர்கள் அதை ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். அமானுல்லா போட்டுக்கொள்வார்.

சர்க்கரை இருப்பது 2003இல் தெரிந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டுக்கொண்டதால் முதலாளி சென்னியப்பன் கம்பெனிக்குள்ளேயே மருத்துவ முகாம் வைத்தார். கோடு மங்கலாகத் தெரிகிறதே, கண்ணாடி மாற்றலாம் என்று போன அமானுல்லாவின் விரலில் நர்ஸ் ஊசி குத்தி, "இருநூத்தி எம்பதுங்க" என்றார்.

"எத்தனைக்குங்க?" என்று கேட்டார் அமானுல்லா.

"பாய், இது மார்க் இல்லீங்க. கொறஞ்சாத்தான் பாஸு."

டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்ட முதல் நாள், "பணக்கார வியாதியாச்சுங்களே மாஸ்டர், ஊடு கீடு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நான்கைந்து மாதத்தில் கேட்டவர்களில் இரண்டு பேர் தாங்களும் சர்க்கரை இல்லாத டீக்கு மாறியிருந்தார்கள். பத்ருன்னிசா சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்து, மீதி இடத்தைக் கீரையாலும் கொள்ளுப் பயறாலும் நிரப்பினார். வெள்ளிக்கிழமை பிரியாணி மட்டும் பேச்சுவார்த்தைக்கு உரியதாக நீடித்தது.

சாதாரண நாட்களை இப்படிச் சமாளித்துவிடலாம். ரமலான் மாதம் அப்படியல்ல. 2004ஆம் ஆண்டு நோன்பில் அமானுல்லா மாத்திரையை நிறுத்திவிட்டார். பகலெல்லாம் சாப்பிடாத உடம்புக்குச் சர்க்கரை எங்கிருந்து வரும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், இரண்டு கோப்பை கஞ்சி, பருப்பு வடை, சமோசா, ரோஸ் சர்பத் என்று வரிசையாக உள்ளே போயின. மூன்றாம் வாரத்தில் தண்ணீர் குடித்துத் தீரவில்லை. மேசைமேல் போட்ட ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. அளவு நானூறைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கமாகத் தவறினார். காலை மாத்திரையை முழு அளவில் விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்திலேயே விழுங்கிவிட்டு, போன வருஷப் பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பிற்பகலில் கத்தி தானாக நடந்ததுபோல் கோட்டைவிட்டு வெளியேறி, ஒரு கட்டு முன்பக்கத்தைப் பாழாக்கி, இடக்கையில் ஏறி, இரும்பு வலையில் உரசி நின்றது. அமானுல்லாவுக்குச் சத்தம் கேட்டது. அது தன் கை என்பது தெரியவில்லை.

அன்றைக்குச் சென்னியப்பன் துணியைப் பற்றிப் பேசவில்லை. "மாஸ்டர், வெரல் போயிருந்தா நான் உங்க ஊட்டுல போயி என்னன்னு சொல்றதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

மருத்துவர் ரத்தினசாமி பேசினார். "ஏனுங்க பாய், உங்க மார்க்கத்துலயே நோயாளிக்கு வெலக்கு இருக்குதுங்களே. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?"

"இருக்குதுங்க சார். வேற நாள்ல வெக்கலாம். அதுவும் முடியாதவங்க ஏழைக்குச் சோறு போடலாம். எனக்கு முடியுதான்னு பாத்துட்டு அப்பறம் அத எடுத்துக்கறனுங்க."

"முடியுதான்னு எப்படிப் பாப்பீங்க? வெட்டுப்பட்டாத்தான் முடியலைன்னு அர்த்தங்களா?"

இதற்குப் பதில் ஓர் இயந்திரத்தில் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சர்க்கரை மெஷின் அப்போது பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 2006 ரமலானுக்கு முன்னால் ரத்தினசாமி நிபந்தனைகளை வகுத்தார். மாத்திரையில் பெரும்பங்கு மாலையில், நோன்பு திறந்த பின். சிறுபங்கு மட்டும் சஹரில். கஞ்சி அரைக் கோப்பைக்கு மேல் கூடாது. சர்பத் அறவே கூடாது. பகலில் இரண்டு முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே இறங்கினாலோ முந்நூறுக்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும். பாங்குக்குக் காத்திருக்கக் கூடாது. அமானுல்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அதையே மருந்துச்சீட்டில் எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துத் தரச் சொன்னார்.

"சீல் எதுக்குங்க? இதென்ன வாடகை ஒப்பந்தமா?"

"இருக்கட்டுமுங்க சார்."

அந்த ரமலான் நன்றாகவே தொடங்கியது. சென்னியப்பன் ஒத்துக்கொண்டபடி அமானுல்லா விடிந்ததும் வேலைக்கு வந்து, அஸருக்கு முன்னால் கிளம்பினார். மேசையின் மறுபுறம் துணி விரிப்பவர் தவசி, சாத்தூர்ப் பக்கத்துக்காரர். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு முறையும் வேலை விடுவதற்கு முன்னால் ஒரு முறையும் அவரே நினைவூட்டுவார்.

"பாய், கத்திய நிப்பாட்டுங்க. குத்தியாச்சா? என்ன வந்துச்சு?"

"நூத்திப்பத்து."

"எங்க ஊரு வெயில விடக் கம்மிதான். ஓட்டுங்க."

வீட்டிலும் ஒரு கூட்டம் சேர்ந்தது. தெருவில் சர்க்கரை உள்ள பெண்கள் ஏழெட்டுப் பேர் அமானுல்லா மெஷினோடு வேலைவிட்டு வந்ததும் வந்து, பத்ருன்னிசாவிடம் விரலை நீட்டினார்கள். குத்திப் பார்ப்பது எப்படி என்று பத்ருன்னிசா அதற்குள் கற்றிருந்தார். ஷம்ஷாத்தும் வருவார். கணவரை இழந்தவர், அண்ணன் வேலை செய்யும் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் மடித்து அடுக்கும் வேலை. சர்க்கரைக்கு அண்ணன் விழுங்கும் அதே மாத்திரைதான் அவருக்கும். வேலை நாளில் கட்டிங் மேசைக்கே வந்து, "எங்கண்ணன் துணிய வெட்டறத நிறுத்திப்போட்டு ஆளுக வெரலக் குத்த ஆரம்பிச்சுட்டாரு" என்று தவசியிடம் சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். நோன்பு வேண்டாம் என்று ரத்தினசாமி அவரிடமும் சொல்லியிருந்தார். "எங்கண்ணன விடச் சொல்லுங்க, நானும் விடறேன்" என்பது ஷம்ஷாத்தின் பதில்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. பன்னிரண்டாவது நோன்பு. ரமலான் மாதத்தில் அஸருக்குப் பின் கஞ்சித் தேக்சாவில் துடுப்புப் போட்டுக் கிளறுவது பல ஆண்டுகளாக அமானுல்லாவின் பொறுப்பு. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் சேர்ந்து கொதிக்கும்போது கை நின்றால் அடி பிடித்துவிடும். மதம் பார்க்காமல் தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும் கஞ்சி அது. அடி பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அன்று விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. தீயின் முன்னால் நின்ற அமானுல்லாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வை தீயால் வந்ததா, சர்க்கரை இறங்கியதால் வந்ததா என்பதை உடம்பு சொல்லாது, மெஷின்தான் சொல்லும். துடுப்பைத் தேக்சாவின் விளிம்பில் சாய்த்துவிட்டு, குழாயடிக்குப் போய், குத்திப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. வேர்வை தீயால்தான். பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பித் துடுப்பை எடுத்தார்.

நத்தர்ஷா இன்று எலாஸ்டிக் கடை வைத்திருக்கிறார். கடை வைப்பதற்கு முன் வெகுகாலம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். ட்யூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துணியில் எண்ணெய்ப் பொட்டு, துருப் பொட்டு, ரத்தப் பொட்டு தேடியே பழகிய கண். அது அமானுல்லாவின் விரலில் போய் நின்றது.

"மாஸ்டர், வெரல்ல என்னங்க செவப்பா?"

"சுகர் பாத்தனுங்க. தொண்ணூத்திரெண்டு. நல்லாத்தான் இருக்குது."

"ரத்தம் எடுத்தீங்களா? நோன்போடவா?"

"ஒரு துளிங்க."

"ஒரு துளியா? சரிங்க, நீங்களே சொல்லுங்க. வெள்ளப் பீஸுல ஒரு துளி ரத்தம் பட்டுது. பாஸா, ரிஜெக்டா?"

அமானுல்லா வாய் திறப்பதற்குள் சுற்றியிருந்தவர்கள், "ரிஜெக்ட்டுங்க" என்றார்கள். அவர்களும் பனியன் கம்பெனிக்காரர்கள்தாம். தையல், அயர்ன், செக்கிங். ஊசி ஏறிய விரலோடு துணியைத் தொட்டு ஏச்சு வாங்காதவர் அங்கே குறைவு. "ஆல்ட்ரேஷனுக்குக்கூட ஆகாதுங்க" என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பனியனுக்கே அப்படின்னா நோன்புக்கு எப்படிங்க?" என்றார் நத்தர்ஷா. அதன் பின்தான் முதலில் குறித்த சொற்களும் துடுப்பைப் பிடுங்கியதும் நடந்தன. பேச்சு நடந்த நேரத்தில் யாரும் கிளறாததால் அன்றைய கஞ்சி அடி பிடித்தது. அது இந்தக் குற்றச்சாட்டில் சேர்க்கப்படவில்லை.

அமானுல்லா வீட்டுக்கு நடந்தார். அவமானம் இருந்தது, ஆனால் அவரை அதிகம் வதைத்தது அவமானம் அல்ல. நத்தர்ஷாவின் வாதம் அவருக்குச் சரியாகப் பட்டது. ஒரு பொட்டுக்காக ஒரு பீஸைத் தூக்கி எறிவதை ஆயுள் முழுக்கச் சரியென்று ஏற்று வேலை செய்தவருக்கு, இது தவறு என்று சொல்ல உடனே ஒரு வழி தெரியவில்லை. பத்ருன்னிசாவிடம் சொன்னார். "அந்தாளு கடையில எலாஸ்டிக்கத்தான் இழுப்பாரு, இப்ப மார்க்கத்தையும் இழுத்துப் பாக்கறாரா?" என்றார் பத்ருன்னிசா. அமானுல்லா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிவாசல் வாசலில் உள்ள கரும்பலகையில் இப்படி எழுதியிருந்தது: "நோன்பு வைத்துக்கொண்டு ரத்தம் எடுத்துச் சோதனை செய்பவர்கள் கஞ்சிப் பணிக்கு வர வேண்டாம். நிர்வாகம்." அமானுல்லா அதை ஒரு தாளில் எழுத்து மாறாமல் பிரதி எடுத்தார். பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது தெருக்காரர்கள் மூவர் அவசர வேலை இருப்பதாகச் சொன்னார்கள். மாலையில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வந்த தவசி போர்டை எழுத்துக்கூட்டிப் படித்து, "இருக்கிறதத்தானே எழுதியிருக்கீக" என்று கையெழுத்திட்டார். அடுத்த நாள் பலகை துடைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் நிர்வாகம் கேட்டது: எந்தப் பலகை?

பலகை துடைக்கப்பட்டாலும் சொல் துடைபடவில்லை. வீட்டுக்கு வந்து விரல் நீட்டிய பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஷம்ஷாத்தும் நிறுத்திக்கொண்டார். "அண்ணா, குத்துனா நோன்பு போயிரும்னா அப்பறம் பட்டினி கெடந்து என்னத்துக்கு? பொழுது எறங்குனதும் பாத்துக்கறேன்."

அமானுல்லா தங்கையை வற்புறுத்தவில்லை. அவருக்கே தெளிவு இல்லாத விஷயம். கத்தி கையில் இருப்பதால் அவர் மட்டும் கட்டிங் மேசையில் குத்திப் பார்ப்பதைத் தொடர்ந்தார். அந்த நோன்புகள் கணக்கில் ஏறுமா என்று அவருக்குத் தெரியாது. ஏறாவிட்டாலும் வைப்பது என்று வைத்தார்.

அடுத்த வாரம் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி. ஷிப்மென்ட்டும் போனஸும் ஒன்றாக வந்ததால் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. பிற்பகலில் ஷம்ஷாத் பெரிய அளவு பனியன்களைச் சிறிய அளவுப் பெட்டியில் அடுக்கினார். உடனிருந்த நாகஜோதி சுட்டிக்காட்டியபோது, "எல்லாம் தொவைச்சா ஒண்ணாயிரும்" என்றார். ஷம்ஷாத் எப்போதும் அப்படிப் பேசுபவர் என்பதால் பெண்கள் சிரித்தார்கள். சற்று நேரத்தில் காலிப் பெட்டிகளின் மீது சாய்ந்து, சம்பந்தமில்லாமல் யாரையோ கூப்பிட்டார். நாகஜோதி அவர் கையைத் தொட்டுப் பார்த்தார், ஈரத்துணிபோல் இருந்தது.

அமானுல்லா இரும்புக் கையுறையைக் கழற்றாமலே ஓடி வந்தார். தங்கையின் விரலில் குத்தினார். முப்பத்தெட்டு. நாகஜோதி தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தார். ஷம்ஷாத் உதட்டை இறுக மூடிக்கொண்டார். சொன்னது புரியும் நிலையும் புரியாத நிலையும் மாறி மாறி வந்தன. டம்ளரை வாயருகே கொண்டுபோன ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பினார். பிறகு, தெளிவாகவே கேட்டார்:

"பாங்கு சொல்லியாச்சாண்ணா?"

வெளியே வெயில் கொதித்தது. மஃரிபுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

"சொல்லியாச்சு கண்ணு. குடி" என்றார் அமானுல்லா.

ஷம்ஷாத் கையை இலேசாக ஏந்தி, நோன்பு திறக்கும் துஆவை உதட்டுக்குள் ஓதிவிட்டுக் குடித்தார். சென்னியப்பனின் வேனில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடிக்க வைத்திருக்க முடியாது என்றும், நினைவில்லாதவர் வாயில் ஊற்றியிருந்தால் அதுவே ஆபத்தாகியிருக்கும் என்றும் ரத்தினசாமி சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஷம்ஷாத்துக்கு முழு நினைவு வந்தது. சன்னலைப் பார்த்தார். மஞ்சள் வெயில் எதிர்ச் சுவரில் இருந்தது. அப்போதுதான் தொலைவில் பாங்கு கேட்டது. அது அஸர் பாங்கு.

"அண்ணா, மஃரிப் பாங்கு சொல்லலையே."

"இல்ல."

"நோன்பு வாயோட பொய் சொன்னீங்க."

"ஆமா."

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நத்தர்ஷா பார்க்க வந்தார். அவர் கல்நெஞ்சர் அல்லர்; நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கிலோ திராட்சையும் ஒரு புட்டி ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார். நர்ஸ் இரண்டையும் வாங்கி, கட்டிலுக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

"தங்கச்சிக்கு நோன்பே வேண்டாம்னு சொல்லிப்போடுங்க பாய்" என்றார் நத்தர்ஷா, வராந்தாவில்.

"டாக்டரும் சொல்லிட்டாரு, நானும் சொல்லிட்டனுங்க. அவ வெப்பா. வெக்கறவ மெஷினப் பாத்துட்டாவது வெக்கட்டும். நீங்க சொன்ன வார்த்தைய நீங்களே திருப்பி எடுத்துக்கிட்டீங்கன்னா அவளும் குத்திப் பாப்பா."

"நான் என்னங்க பெருசாச் சொல்லீட்டேன்? பேச்சுவாக்குல ஒரு ஒதாரணம்."

"போர்டுல எழுதுனீங்களே."

"எந்த போர்டுங்க?"

நோன்புப் பெருநாள் கழிந்ததும் அமானுல்லா பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போனார். ஹஜ்ரத் படித்தவர், பொறுமையானவர். கேட்டதுமே சொல்லிவிட்டார்: "சோதனைக்காக ஒரு துளி எடுத்தா நோன்பு முறியாது மாஸ்டர். உடம்பு தளந்துபோற அளவுக்கு ரத்தம் எடுத்தா மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, அப்பவும் முறியறதில்ல. நோன்பென்ன பனியனா, கறை பாத்து ஒதுக்கறதுக்கு?"

கஞ்சித் தேக்சாவின் முன்னால் தனக்குத் தோன்றாத பதில் இவ்வளவு சிறியதா என்றிருந்தது அமானுல்லாவுக்கு. பிறகு, "இத எழுதித் தாங்க ஹஜ்ரத்" என்றார்.

ஹஜ்ரத் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். பள்ளிவாசல் பெயர் அச்சிட்ட தாளும் முத்திரையும் செயலாளரின் அலமாரியில் இருக்கின்றன. செயலாளரின் பேச்சை மறுத்துத் தான் தனியாக எழுதிக் கொடுத்தால் அது வேறு விவகாரமாகும். "வெள்ளிக்கிழமை பயான்ல சொல்லிடறேன் மாஸ்டர். யாரு மனசும் நோகாமச் சொல்லிடறேன்."

சொன்னார். நோன்பை யாரும் நினைக்காத ஒரு மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, சுத்தத்தைப் பற்றிய உரையின் நடுவே, ஒரு வாக்கியம். பள்ளிவாசலுக்குப் பெண்கள் வருவதில்லை. ஷம்ஷாத்துக்கு அது அமானுல்லாவின் வாய்வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"ஹஜ்ரத் சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க" என்றார் ஷம்ஷாத். அவர் விட்டுப்போன நோன்பை வேறொரு மாதத்தில், ரத்தினசாமியின் எதிர்ப்பையும் மீறி, வைத்து முடித்திருந்தார். "பாங்கு சொல்லியாச்சுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

"அது உன் உசிருக்காக."

"இதுவும் என் உசிருக்காகத்தான் சொல்லுவீங்க. அதுலதான் எனக்குச் சந்தேகம். அந்தாளு எல்லாத்துக்கும் முன்னால சொன்னாரு, போர்டுலயும் எழுதுனாரு. முறியாதுன்னும் அவிங்களே எழுதட்டும். எழுதி வாங்கிட்டு வாங்க, அன்னைக்கு வெரல நீட்டறேன். அதுவரைக்கும் நோன்பும் வெப்பேன், வெரலும் நீட்டமாட்டேன்."

பத்ருன்னிசா உள்ளேயிருந்து, "அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி, காயிதம் கேக்கறா பாருங்க" என்றார். இந்த முறையும் யாரும் சிரிக்கவில்லை.

அதன் பின் நடந்தவை சுருக்கமானவை. 2007 ஜனவரியில் அமானுல்லா தம் கையால் எழுதிய மனுவை நிர்வாகக் குழுவிடம் நேரில் கொடுத்தார். விசாரிக்கலாம் என்றார்கள். ஏப்ரலில் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகை அட்டையில் நத்தர்ஷாவின் கையெழுத்து உள்ளது, பதில் இல்லை. ஜூனில் கடைவீதியில் எதிர்ப்பட்ட நத்தர்ஷா, "ஏனுங்க மாஸ்டர், இந்த வருசம் வந்து துடுப்பப் புடிங்க, அதோட உட்ருங்க. தெருவுக்குள்ள எதுக்குங்க காயிதம்?" என்று தோளில் கை போட்டுச் சொன்னார். அமானுல்லா மறுத்துவிட்டார். கேட்டது துடுப்பு அல்ல.

செப்டம்பர் நடுவில் ரமலான் பிறை தெரியும். ஷம்ஷாத் நோன்பு வைப்பார். அவரைத் தடுக்க மருத்துவராலும் முடியவில்லை, அண்ணனாலும் முடியவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியும் வழக்கம்போல் வரும். பேக்கிங் பிரிவில் பிற்பகல் வெக்கையில் அவர் நின்றுகொண்டிருப்பார். இன்னொரு முறை பாங்கு சொல்லியாகிவிட்டது என்று அண்ணன் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் கோரப்படுவது இது. மன்னிப்புக் கோரப்படவில்லை. கரும்பலகையைப் பற்றிய விசாரணையும் கோரப்படவில்லை. நோன்பு வைத்திருப்பவர் சர்க்கரை அளவு பார்ப்பதற்காக விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா, முறியாதா? காரணம் எழுதத் தேவையில்லை. இரண்டில் ஒரு சொல் போதும். பள்ளிவாசல் பெயர் அச்சிட்ட தாளில், தேதியும் முத்திரையும் இட்டு, செயலாளரும் ஹஜ்ரத்தும் கையெழுத்திட்டு, ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் முடிவதற்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். ஷம்ஷாத் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எனவே பதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.